பாலத்தில் தொங்கும் பேருந்து

அந்த சூப்பர்ஹீரோ படத்தில், பாலத்தில் தொங்கும் பேருந்தை விட்டுவிட்டு நாயகன் வில்லனைத் துரத்திப் பறப்பான். அதை வைத்து வந்த வீடியோ கேமில் நகரம் முழுக்க இஷ்டம்போல் பறக்கலாம் என்றாலும், அந்த இடத்தில் திரையில் வரும் கட்டளை அதேதான்: வில்லனைத் துரத்து. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் பரஞ்சோதி அதற்குப் பணியவில்லை. ஒவ்வொரு முறையும் திரும்பிவந்து பேருந்தைப் பிடித்தார். அது நழுவி ஆற்றில் விழுந்தது.

"வில்லன் போயிட்டான்ப்பா. அவனப் பிடிச்சாத்தான் அடுத்த கட்டம்," என்றாள் மகள் நிறைமதி.

"போகட்டும்மா. வண்டியில ஆளுங்க இருக்காங்க."

பதினான்காவது முறை, கட்டைவிரல் வெளுக்கப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். பேருந்து மெல்ல மேலேறிச் சாலையில் நின்றது. கதவு திறந்தது. 'தோல்வி. மறுபடி ஆடலாமா?' என்று கேட்டது திரை. அந்த எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தையோடு இறங்கிக்கொண்டிருந்தாள். பரஞ்சோதி எதையும் அழுத்தாமல், எல்லோரும் இறங்கட்டும் என்று காத்திருந்தார்.