ஒபடையா போட்ட ஓட்டு

"திரும்பிப் போயிரலாம், ஒபடையா. படியில நிக்கிறவங்களைப் பாத்தியா?"

ஆர்லீன் கணவனின் கோட்டுக் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஓட்டுப்பதிவு நடந்த நீதிமன்ற வாசலில் வெள்ளைக்காரர்கள் கும்பலாகப் புகையிலை மென்றுகொண்டிருந்தார்கள். எல்லார் சட்டையிலும் புதுக் கட்சியின் பேட்ஜ்.

கறுப்பர்களுக்கும் உரிமை உண்டு என்று ஜனாதிபதி பேசினாலும் பேசினார், தெற்கு மாநிலமான அலபாமா முழுக்கக் கொதித்துப் போயிற்று. அவருடைய கட்சிக்காரர்களே கோடையில் பிரிந்துபோய்ப் புதுக் கட்சி தொடங்கி, தங்கள் ஆளை அவருக்கு எதிராக நிறுத்திவிட்டார்கள்.

"பட்டாளத்துல, ஜெர்மனியில குண்டு விழுறப்பவே ஓடல, இங்க ஓடவா? நமக்காக வாயத் தொறந்த மனுஷன். அவருக்கு இந்த ஊர்லருந்து ஒரு ஓட்டாவது விழ வேணாமா?"

போன தேர்தலில் இதே படியேறிய தச்சர் ஏமோஸுக்குத் தாடை உடைந்தது. இன்றைக்கும் சோளக்கஞ்சிதான் குடிக்கிறார். ஆர்லீன் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒபடையா தெருவைக் கடந்துவிட்டான்.

பருத்தி ஆலை முதலாளி ஹோல்கம் வழியை மறித்தார்.

"எங்கடா பையா கெளம்பிட்ட?"

நாற்பது வயதுப் பையன் தொப்பியைக் கழற்றினான். "ஓட்டுப் போட, ஐயா. பேரு பதிஞ்சிருக்கு."

"யாருக்கு?"

"அது என் மனசோட, ஐயா."

பின்னால் நின்றவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னே வந்தான். ஹோல்கம் அவனைக் கையமர்த்தினார்.

"விடுங்கப்பா, ஆசையா வந்திருக்கான். போ பையா. உனக்குப் புடிச்ச ஆளுக்கே போடு."

ஒருவன் கதவைக்கூடத் திறந்துவிட்டான். அடித்திருந்தால்கூட ஆர்லீன் அவ்வளவு பயந்திருக்கமாட்டாள். உள்ளே போனவன் வெளியே வரும்வரை அவள் உதடுகள் ஜெபத்தை நிறுத்தவில்லை.

வந்தான். முழுசாக வந்தான்.

"போட்டாச்சா?" என்றார் ஹோல்கம்.

"போட்டாச்சு, ஐயா."

படிக்கட்டே சிரித்தது.

எதிர்ச்சாரியில் சலூன் வாசலில் நின்ற கறுப்பர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். ஏமோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆர்லீன் ஊரே பார்க்கக் கணவனின் கையைக் கோத்துக்கொண்டாள்.

"உன் மூஞ்சியப் பாத்தே பயந்துட்டானுங்க. கை வைக்கத் துணியலயே ஒருத்தனும்."

பாலம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"அவருக்குத்தான போட்ட?"

"வெறுஞ்சீட்ட மடிச்சுப் போட்டேன்."

கோத்த கையை அவள் உதறினாள். "ஏன்? கடைசி நேரத்துல பயந்துட்டியா?"

"மேலருந்து கீழ வரைக்கும் தேடினேன், ஆர்லீன். அவர் கட்சியோட சேவல் சின்னத்துக்குக் கீழயும் பிரிஞ்சு போனவங்க ஆளுங்கதான். ஜனாதிபதி பேர சீட்டுலயே போடல."