படிக்கட்டுக் கதவு

எலும்பு தேய்ந்துவிட்டது என்று பரிசோதனையில் தெரிந்த நாளிலிருந்து வீடு ஜெசிந்தாவை மாடிக்கு விடவில்லை. அவளுக்கு ஐம்பத்தாறு வயதுதான். மகன் ரெக்ஸன் பொருத்திய, ஆளை அடையாளம் கண்டு பேசும் தானியங்கிப் படிக்கட்டுக் கதவு, அவள் கிட்டே போனாலே பூட்டிக்கொள்ளும். கூடத்திலேயே அவள் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அன்று காலை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போன கணவர் செல்வின் விழுந்த சத்தம் கேட்டது. கூப்பிட்டாள், பதில் இல்லை. கதவை உலுக்கினாள்.

"படி உங்களுக்கு ஆபத்து" என்றது கதவு.

"அவருக்கு என்னமோ ஆயிட்டு, தொற."

கதவு மறுபடியும் அதையே சொன்னது. ஜெசிந்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்பக்கத்து இரும்பு ஏணியில் ஏறினாள். செல்வின் மயங்கி, முகம் தண்ணீருக்குள் இருக்கத் தொட்டியில் கவிழ்ந்து கிடந்தார். இழுக்கும்போது அவள் மணிக்கட்டு முறிந்தது. பிடியை விடாமல் வெளியே இழுத்துப் போட்டாள்.

மாலையில் ஆஸ்பத்திரியில் ரெக்ஸன் கேட்டான்: "இந்த வயசுல ஏணில ஏறலாமாம்மா? இடுப்பு ஒடஞ்சிருந்தா?"

"நான் கீழயே நின்னிருந்தா உங்கப்பா உயிரோட இருந்திருப்பாரால?"

அவன் வெளியே போய், போனில் யாரிடமோ, "நாளைக்கே அந்த ஏணியக் கழட்டிருங்க" என்றான்.

ஜெசிந்தா மாவுக்கட்டோடு எழுந்து போய், போனை வாங்கினாள்.

"மொதல்ல கதவக் கழட்டுங்க."