நாலு நிமிட அப்பா

தாட்சாயணி தினமும் காலையில் ஐந்து புதுப் படங்களை வேகமாக ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு வரி எழுதுவாள். மதியத்துக்குள் அந்த வரிப்படி எல்லா வீடுகளிலும் படம் தானே திருந்திவிடும். இன்று பேய்ப் படத்துக்கு, "பேய் சிரிக்காமல் இருந்தால் பயமாக இருக்கும்" என்று எழுதினாள். பேய் சிரிப்பை நிறுத்திக்கொண்டது. காதல் படத்தில் மூன்றாவது பாட்டு தண்டம் என்றாள். பாட்டு போய்விட்டது. குடும்பப் படத்துக்கு, "நாலு நிமிடம் வரும் அப்பா எதற்கு?" என்று எழுதிவிட்டுக் குளிக்கப் போனாள்.

சாயங்காலம் கீழ்வீட்டு ஏகாம்பரம் ஒரு கிண்ணத்தில் கேசரி கொண்டுவந்தார்.

"என்ன சார் விசேஷம்?"

"சம்பந்தி வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு நான் நடிச்ச படத்தைப் போட்டேம்மா. முப்பது வருஷத்துல இதுலதான் எனக்கு வசனம் குடுத்தாங்க. எங்க வருவீங்க, எங்க வருவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கடைசிவரைக்கும் நான் வரல."

தாட்சாயணி உடனே போனைக் கையில் எடுத்தாள். "அந்த அப்பா நீங்களா சார்? ஒட்டுத்தாடியில அடையாளமே தெரியல. அவர் வேணும்னு இப்பவே மாத்தி எழுதிடறேன்" என்றாள்.

ஏகாம்பரம் கிண்ணத்தை மேசைமேல் வைத்தார்.

"வேணாம்மா. நானும் உக்காந்து முழுசாப் பாத்தேன். நீ எழுதினது சரிதான்."