மூடியைத் திறந்தால் இருபது நிமிடம்

மூடியை இன்னொரு தடவை திறந்தார்.

ஆவி முகத்தில் அடித்தது. மூக்குக் கண்ணாடி மங்கியது. முள்ளுக்கரண்டியால் பன்றி இறைச்சியைக் குத்திப் பார்த்தார். இன்னும் இறுகித்தான் கிடந்தது.

நல்லது.

மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கரோடு வந்த சிறு புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். வேகும்போது மூடியைத் திறக்க வேண்டாம். ஒரு தடவை திறந்தால் இருபது நிமிடம் பிந்தும்.

மத்தியானத்திலிருந்து ஒன்பது தடவை திறந்துவிட்டார்.

மகன் ஜெறோமும் மருமகள் மெலனியும் ஆறு மணிக்கு வருகிறார்கள். ஜெறோமுக்கு நாளைக்கு விடியற்காலை வேலை. வந்து, சாப்பிட்டு, ஏழரைக்கு வெளிக்கிட வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிட்டான்.

மூன்று மாதத்துக்குப் பிறகு வருகிறார்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்கு.

மனைவி செத்துப்போன பிறகு, கனடாவில் இந்த ஸ்காபரோ வீட்டில் அவரிடம் வேண்டிய மட்டும் கிடப்பது நேரம்தான். அதில் கொஞ்சத்தை இறைச்சிக்குள் ஒளித்து வைத்தால் என்ன பிழை? வேகிற சாப்பாட்டை விட்டுவிட்டு யார் எழும்பிப் போவார்கள்?

வந்தார்கள். வாசலிலேயே வாசம் மூக்கைத் துளைக்கிறது என்றாள் மெலனி. அவளுக்குக் காட்டுவதற்காக மூடியைத் திறந்தார்.

பத்து.

கித்துள் பனையின் இனிப்புப் பாணியும் கடுகும் இஞ்சியும் சேர்த்துக் காய்ச்சிய பாகு அடுப்பில் தயாராக இருந்தது. இறைச்சி வெந்ததும் மேலே பூசிப் பளபளக்க வைக்க வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றார். மறுபடியும் அதையே சொன்னார். மெலனி தன் புது மேலதிகாரியைப் போல நடித்துக் காட்டினாள். ஜெறோம் சிரித்தான். அவனுடைய சிரிப்பு இந்த வீட்டில் கேட்டு எவ்வளவு காலம்! அவருக்கு வெட்கங்கெட்ட சந்தோஷம்.

ஏழேகாலுக்கு ஜெறோம் தானே பாணை வெட்டி, பருப்பும் போட்டுச் சாப்பிட்டான். ஏழரைக்கு எழும்பிவிட்டான். டப்பா இருந்தால் தாருங்கள், எங்களிடமும் குக்கர் இருக்கிறது, வீட்டில் வேகட்டும் என்றாள் மெலனி.

அவருக்கு மனம் விட்டுப்போனது.

பிறகுதான் யோசனை வந்தது. டப்பா இல்லை என்றார். அலுமாரிக்குள் ஏழெட்டு டப்பா இருந்தது. குக்கரோடு கொண்டுபோகச் சொன்னார். பாகைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார்.

நம் ஆட்கள் இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். எதையாவது சமைத்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். வந்தால் இருப்பார்கள். தேத்தண்ணி குடிப்பார்கள். எப்படியும் ஒரு பின்னேரம் கிடைக்கும்.

காரின் பின்சீற்றில் குக்கரை வைத்து, அவரே பெல்ட் போட்டுவிட்டார்.

எப்போது கொண்டுவருவாய் என்று கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தார். கேட்டுவிட்டார்.

"நாளைக்கே, அப்பா. இறைச்சியை இரவே எங்கட குக்கருக்கு மாத்திப்போட்டு, விடிய வேலைக்குப் போகேக்க வாசல்ல வச்சிட்டுப் போறன். நீங்கள் எழும்பத் தேவையில்லை."

நல்ல பிள்ளை. அப்பாவின் நித்திரை கெடக்கூடாது என்று நினைக்கிற பிள்ளை.

கார் திரும்பும்வரை கையசைத்தார்.

உள்ளே வந்து, அலாரத்தை ஐந்து மணிக்கு வைத்தார்.

பிறகு நாலரைக்கு மாற்றினார்.