தீயணைப்பு வண்டிக்கு வேப்பிலை

"தீயணைப்பு வண்டிக்கு எவம்வே வேப்பிலை கட்டுனது?"

ஆறுமுகச்சாமி போட்ட சத்தத்தில் வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள்.

ஆமாம், தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அது மூங்கில் வண்டி. நிஜ வண்டியின் நீள அகலத்துக்கு மூங்கிலைக் கட்டி, சுற்றிலும் சிவப்புத் துணி போர்த்தியிருந்தார்கள். சங்கரன்கோவில் நகரமைப்பு ஆர்வலர் சங்கத்தின் ஏற்பாடு. தலைவர் ஆறுமுகச்சாமி, தபால் ஆபீஸ் கிளார்க். செயலாளர் ஹபீப் முகம்மது, டெய்லர். ஊர்க்காரர்கள் இந்தச் சங்கத்துக்கு வைத்திருந்த பெயர், படி இடிப்புச் சங்கம்.

போன பங்குனியில் இந்த முடுக்கின், இந்தக் குறுகல் சந்தின், கடைசி வீட்டில், அன்னக்கிளியின் தறிக்கூடம் பற்றி எரிந்தது. தீயணைப்பு வண்டி முடுக்கு முனை வரை வந்து, மணியை மட்டும் அடித்துக்கொண்டு நின்றது. வீட்டுக்கு வீடு வாசற்படியைத் தெருவுக்குள் நீட்டி வைத்திருந்தால் அது எப்படி உள்ளே வரும்? கடைசியில் குடத்துத் தண்ணீரை ஊற்றித்தான் அணைத்தார்கள். தொட்டிலில் கிடந்த பிள்ளை பிழைத்ததே பெரிய காரியம்.

அதற்குப் பிறகும் சங்கத்தார் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. முடுக்கு மொத்தமும் ஒரே பதிலைச் சொன்னது.

"முப்பிடாதியம்மா படிய எடுத்தா நாங்களும் எடுக்கோம்."

முப்பிடாதியம்மாளோ, தீப்பிடிப்பதற்கு ரொம்ப முந்தியே, சங்கம் முதன்முதலாக வந்து நின்ற அன்றைக்கே தெரு கேட்கச் சொல்லிவிட்டாள்.

"இது எங்க மாமனார் போட்ட படி. கோமதியம்மனே தெருவுல வந்து கேட்டா எடுக்கேன். அதுவரைக்கும் ஒரு பய கை வைக்கக் கூடாது."

அதனால்தான் மூங்கில் வண்டி. எங்கெங்கே முட்டுகிறது என்று கண்ணால் பார்த்தாலாவது புத்தி வராதா என்று ஒரு நப்பாசை. முந்தின நாளே கட்டி முடுக்கு முனையில் சாத்தி வைத்திருந்தார்கள். பின்பக்கம் தோள் கொடுத்து வந்த தலைவர், இப்போது முன்னால் வந்தபோதுதான் அதைப் பார்த்தார். வேப்பிலைத் தோரணம். நடுவில் சந்தனம், குங்குமம்.

"நீங்கதான் பூசை போட்டியன்னு நெனச்சோம் அண்ணாச்சி" என்றான் மணி அடித்து வந்த மூக்காண்டி.

"ஹபீபு, நீரா?"

"நல்லாக் கேட்டிய அண்ணாச்சி. துணி தச்சது நான். வேப்பிலையும் கட்டுனேன்னு எங்க வாப்பா காதுல விழுந்தா என்னையத் தச்சுருவாக."

வழக்கு முடிவதற்குள் முடுக்கு விழித்துக்கொண்டது. சிவப்புத் துணி, வேப்பிலை, மணிச் சத்தம். வேறென்ன வேண்டும்?

"ஏட்டி, சப்பரம் வருதுட்டி. சீக்கிரம் தண்ணி தெளி."

வாசல் வாசலாகத் தண்ணீர் தெளித்தார்கள். அவசரத்தில் பாதிக் கோலம் போட்டார்கள். தேங்காய்த் தட்டு ஒன்று நேராக ஹபீப் முகம்மதின் கைக்கு வந்து சேர்ந்தது. அவர் அதை மூக்காண்டியிடம் தள்ள, மூக்காண்டி மணியை அவரிடம் தள்ளினான். அவரும் சந்தோஷமாக அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

வண்டி தானாகவே நகர்ந்த மாதிரி நகர்ந்து, முப்பிடாதியம்மாள் வீட்டுப் படியில் மடாரென்று முட்டியது.

முப்பிடாதியம்மாள் வெளியே வந்தாள். வேப்பிலையைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உள்ளே போய்க் கடப்பாறையோடு திரும்பினாள்.

"அம்மனே வந்து நிக்கா. இனி இந்தப் படி எனக்கெதுக்கு?"

முதல் குத்திலேயே ஒரு கல் பெயர்ந்தது. முடுக்கே குலவையிட்டது. அடுத்த வீட்டுக்காரர் மண்வெட்டிக்கு ஓடினார். எதிர்வீட்டில் ஆள் தேடப் பொறுமையில்லாமல் உலக்கையால் இடித்தார்கள். ஹபீப் முகம்மது மணியோடு சேர்த்துத் தலைவரைக் கட்டிக்கொண்டார்.

தலைவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் முடுக்கு அகலமாகிவிடும். அடுத்த தடவை தீப்பிடித்தால் வண்டி உள்ளே வரும். ஆனால் ஒரு பொம்பளையின் பக்தியை ஏமாற்றி வாங்கிய வழியாகிவிடுமே. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணாச்சி, வாயத் தொறந்திராதிய" என்று ஹபீப் முகம்மது சட்டையைப் பிடித்து இழுத்தார்.

தலைவர் உதறிவிட்டுப் படியருகே போனார். ஊர் முறைக்கு முப்பிடாதியம்மாள் அவருக்கு மைனி.

"மைனி, நிறுத்துங்க. இது சப்பரம் இல்ல. வெறும் மூங்கிலு. உங்க வாக்க வச்சு எவனோ உங்களயே ஏமாத்திட்டான். மனசிருந்தா இடிங்க, இல்லன்னா நானே கல்ல எடுத்து வச்சுத் தாரேன்."

குலவைச் சத்தத்தில் அது அவளுக்கு மட்டும்தான் கேட்டது. அவள் கடப்பாறையை ஊன்றிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னிக்கு அன்னக்கிளி பிள்ளையத் தூக்கிட்டு ஓடியாந்தது நான். புகையில கண்ணு தெரியாம இதே படியில தட்டி விழுந்தேன். பிள்ளையோட விழுந்தேன். அதுலருந்து இந்தப் படிய மிதிக்கவே மனசு கூசுது. ஆனா தெருவே கேக்கச் சொன்ன சொல்ல எப்படி முழுங்க?"

"அதுக்கு?"

"அதுக்கு என்ன, பேசாம அந்த மணிய அடிக்கச் சொல்லுங்க. ஊருக்கே பிளான் போடுதிய கொழுந்தனாரே, இந்த முடுக்குல வேப்பமரம் என் வீட்டுப் புறவாசல்ல மட்டுந்தான் நிக்குன்னு தெரியலையாக்கும்."