வளைவுக்கு வளைவு ஜெபம்

"கண்டக்டர்! அந்தம்மாவைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்க. இல்லைன்னா அடுத்த ஸ்டாப்புல இறக்கி விட்ருங்க!"

பஸ்ஸின் நடுவிலிருந்து ஒருவர் கத்த, கண்டக்டர் சுஜித் சங்கடமாக நெளிந்தான்.

காரமடையிலிருந்து மஞ்சூருக்கு மலையேறும் பஸ். டிரைவருக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பெண்மணிதான் பிரச்சினை. நாற்பது வயதிருக்கும். ஊரே கேட்கிற குரலில் ஜெபம் செய்துகொண்டு வந்தார்.

"இயேசப்பா, கூடவே இருங்கப்பா! கையைப் பிடிச்சுக்குங்கப்பா! ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்!"

கீழே சும்மா வந்தவர், முதல் கொண்டை ஊசி வளைவில் ஆரம்பித்தார். வளைவு வந்தால் குரல் ஏறும். தாண்டினால் இறங்கும். முழுசாக நிற்பதே இல்லை.

"டிரைவர் பாண்டியராஜ் ஆக்சிடெண்டுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் மறுபடி வண்டி எடுத்திருக்காருங்க. இந்தம்மா இப்படிக் கத்தினா அவருக்குக் கை நடுங்காதா? அப்புறம் நம்ம கதி?" என்றார், மேட்டுப்பாளையத்தில் பூண்டு விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த விவசாயி.

நியாயமான பேச்சு. பஸ்ஸே தலையாட்டியது.

எல்லோரையும்விட அதிகம் வேதனைப்பட்டவர் ஞானசிகாமணி. சபை மூப்பர், நல்ல பேச்சாளர். மாலையில் மஞ்சூர் கூட்டத்தில் அவர்தான் பேசுகிறார். தலைப்பு, 'தேவ அன்பு இருக்கப் பயம் எதற்கு?'

பயம் என்பது அவருக்கு அறவே கிடையாது. பள்ளத்தைப் பார்ப்பது மட்டும் பிடிக்காது. அதனால் மலைப்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆனால் இந்த ரோட்டில் ஒரு தொல்லை, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் பள்ளம் பக்கம் மாறிவிடும். ஞானசிகாமணியும் பையைத் தூக்கிக்கொண்டு எதிர் வரிசைக்கு மாறிவிடுவார். யாராவது பார்த்தால், "அந்தப் பக்கம் வெயில் அடிக்குது" என்பார்.

வெளியே பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாதபடி மேகம் இறங்கியிருந்தது.

அப்படி ஒருமுறை இடம் மாறும்போது அந்தப் பெண்மணியின் அருகில் நின்றார்.

"சிஸ்டர், நானும் விசுவாசிதான். உங்க பேரு?"

"ரூபவதிங்க."

"சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். ஆண்டவரோட அன்பை அறிஞ்சவங்க இப்படிப் பயப்படலாமா? மனசுக்குள்ள சொன்னா அவருக்குக் கேக்காதா? நாலு பேர் முன்னாடி அவரோட நாமம்தானே கேலியாகுது?"

"அவருக்குக் கேக்குமுங்க..." மேலே ஏதோ சொல்ல வந்த ரூபவதி, டிரைவரின் முதுகைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அப்புறம் என்ன? அமைதியா இருங்க. டிரைவர் பிரதருக்கும் தொந்தரவு பாருங்க."

ரூபவதி வாயை மூடிக்கொண்டார். ஞானசிகாமணி ஒரு ஆத்துமாவைத் திருத்திவிட்ட திருப்தியோடு மலைப்பக்க சீட்டில் போய் உட்கார்ந்தார்.

அடுத்த வளைவு வந்தது. பஸ்ஸின் வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. வளைவுக்குச் சற்று முன்னால் நின்றே விட்டது.

"என்னாச்சுங்ணா?" சுஜித் ஓடினான்.

ஸ்டீயரிங்கில் பாண்டியராஜின் இரண்டு கைகளும் வெடவெடத்துக்கொண்டிருந்தன. அந்தக் குளிரிலும் சட்டை நனைந்திருந்தது.

"முடியலை சுஜித்து. இந்த வளைவுதான்... என்னால முடியலை."

பஸ் லேசாகப் பின்னால் நழுவியது. யாரோ வீறிட்டார்கள். வேறு யாருமில்லை, ஞானசிகாமணிதான்.

பாண்டியராஜ் பிரேக்கை அழுத்தி நிறுத்தினார். திரும்பாமலே கேட்டார். "அக்கா... எதுக்குங்க்கா நிறுத்திட்டீங்க?"

ரூபவதி சட்டென்று எழுந்து அவர் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கயேதான் இருக்கேன் தம்பி. நீங்க எடுங்க. இயேசப்பா, இந்தத் தம்பி கையைப் பிடிச்சுக்குங்கப்பா! இவர் பயத்தையெல்லாம் உங்க அன்பால போக்குங்கப்பா! ஸ்தோத்திரம்!"

கியர் விழுந்தது. பஸ் உறுமிக்கொண்டு வளைவில் ஏறியது.

"இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றார் பூண்டுக்காரர்.

மஞ்சூரில் எல்லோரும் இறங்கினார்கள். பாண்டியராஜ் ரூபவதியைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, முகம் கழுவப் போனார்.

ஞானசிகாமணி தயங்கித் தயங்கி வந்தார். வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்குங்க சிஸ்டர். பயம் உங்களுக்குன்னு நினைச்சுட்டேன்."

"எனக்கும் இருந்துச்சுங்க. அந்த வளைவுப் பக்கமே வரக்கூடாதுன்னுதான் இருந்தேன். டிரைவர் தம்பி என்னடான்னா, இனி வண்டியே தொடமாட்டேன்னு ஊட்டுக்குள்ளயே மொடங்கிட்டாரு. பொண்டாட்டி புள்ளைங்க என்னங்க பண்ணுவாங்க? ஆண்டவர் என்னைத் தூங்க விடலை. போயி அவரைக் கூட்டிட்டு வான்னு மனசுக்குள்ள சொல்லிட்டே இருந்தாரு. நேத்து அவுங்க ஊட்டுக்குப் போயி, நீங்க ஓட்டுங்க தம்பி, நான் பின்னாடியே ஒக்காந்து ஜெபம் பண்றேன்னு சொன்னேன். குரல் கேட்டுட்டே இருந்தா ஓட்டிருவேன்னாரு."

"அப்படீங்களா! கூடப் பொறந்த தம்பியா, சித்தப்பா மகனா?"

"ரெண்டும் இல்லைங்க" என்று ரூபவதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "போன வருசம் அந்த வளைவுல அவர் வண்டி கவுந்தப்போ செத்துப்போனது எங்க ஊட்டுக்காரருங்க."