உப்புவெளியில் கர்னல்

கோடைப் பயணமாகக் காருக்குப் பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு உப்புவெளிக்கு வந்திருந்தார் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் தணிகாசலம். இறங்கியதுமே பெண் நாய் பேபி உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டது. ஆண் நாய் கர்னலுக்கோ காலைத் தூக்க ஒரு கம்பமாவது வேண்டும். கேரவன் சக்கரம் ஆகாது, அது வீடு. வெள்ளைத் தரையில் வேறெதுவும் நிமிர்ந்து நிற்கவில்லை. கர்னலுக்குப் போன மாதம்தான் சிறுநீர் அடைப்புக்கு ஆபரேஷன். சிறுநீர் நின்றால் உயிருக்கே ஆபத்து என்றிருந்தார் டாக்டர். காலையிலிருந்து ஒரு சொட்டு இல்லை. கர்னல் முனகிக்கொண்டே அடிவானத்தைப் பார்த்து நடக்க, கேரவன் புள்ளியாகும்வரை அவர் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டும், மனைவி கோமளா பேபியோடும் பின்னாலேயே ஓடினார்கள். “கத்தாதீங்க. சும்மா நில்லுங்க,” என்றாள் கோமளா. “நின்னா?” “முப்பது வருஷம் ஆபீஸ்ல விறைச்சுக்கிட்டு நின்னீங்களே, அப்படி.” அவள் பேபியை அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் நின்றார். அந்தப் பூமியில் அவர் ஒருவர்தான் நெட்டுக்குத்தாக இருந்தார். மொத்த வானமும் அவருடைய வழுக்கைத் தலையில் வந்து முட்டியது. கர்னல் திரும்பி வந்து இரண்டு சுற்று சுற்றி முகர்ந்தது. கால்சட்டையில் வெதுவெதுப்பு இறங்கியபோது, எந்தச் சந்நிதியிலும் குவியாத அவர் கைகள் தாமாகக் குவியத் தொடங்கின. “அசையாதீங்க,” என்றாள் கோமளா, மூச்சுவிடும் குரலில்.